அசரீரிக்கு ஊர் ஏது?

கதவு தட்டப்படுகிறது. உள்ளேயிருப்பவர் "யாரது?" என்கிறார். "நான்தான்!" என்று வெளியேயிருந்து பதில் வருகிறது. நம் திருநெல்வேலிச் சீமையில் அன்றாடம் நடக்கிற வேடிக்கை இது. 'நான்தான்' என்பது உலகில் எல்லோருக்கும் பொருந்துகிற பதில். ஆகையால் அது பதிலே அல்ல. பேரைச் சொல், ஊரைச் சொல், இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சொல், பிறகு தாழ்ப்பாளைத் திறக்கிறோம் என்பதுதான் நம் வீட்டு வழக்கம்.

வானொலி நிலையமும் நம் கதவைத் தட்டுகிற ஆள்தான். கண்ணுக்குத் தெரியாத ஆள் என்பதால், இரண்டு முறை 'யாரது?' என்று கேட்கப்பட வேண்டிய ஆள். ஆகவேதான், ஒலிபரப்பும் நிலையம் தன்னை இன்னதென்று அறிவித்துக்கொள்ள வேண்டும் என்பதை உலக நாடுகள் கூடி ஒழுங்காகவே வகுத்து வைத்திருக்கின்றன. நாட்டுக்கு நாடு முன்னெழுத்துகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டவற்றில் 'வி.யு.' என்பது ஒன்று. அந்நாளில் சென்னை நிலையத்துக்கு 'வி.யு.எம்.' என்றும் திருச்சி நிலையத்துக்கு 'வி.யு.டி.' என்றும் குறி. அமெரிக்காவிலே இன்னும் ஒரு படி மேல். அங்கே வானொலி பெரும்பாலும் வியாபாரிகள் கையில் இருக்கிறது. ஆனாலும் மணிக்கு ஒருமுறை, குறியெழுத்துகளையும் உரிமம் பெற்ற ஊரின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். சோப்பு விற்றாலும் சரி, சங்கீதம் விற்றாலும் சரி, எந்த ஊரிலிருந்து விற்கிறாய் என்பதைச் சொல்லிவிட்டு விற்றுக்கொள் என்கிறது அந்த நாடு!

பெயர் சொல்வது இவ்வளவு பெரிய காரியமா என்று கேட்பவர்களுக்கு இரண்டாவது உலகப் போரை நினைவூட்டுவோம். இட்லரின் படைகள் பிடித்த நாடுகளில் இலண்டன் வானொலியைக் கேட்பது குற்றம். கதவைச் சாத்தி, பெட்டியின் ஒலியைக் குறைத்து, காதை ஒட்ட வைத்துக்கொண்டு கேட்டார்கள் மக்கள். அவர்களுக்கு இலண்டன் அனுப்பிய அடையாளம் என்ன? மூன்று குறில், ஒரு நெடில் — முரசில் நான்கே தட்டு. தந்திக் குறியில் அது வெற்றியைக் குறிக்கும் எழுத்து. அந்த நான்கு தட்டைக் கேட்டதும், பேசுகிறவன் யார் என்பது தெரிந்துபோகும். யார் பேசுகிறார் என்பது தெரிந்த பிறகுதான் பேச்சை நம்புவதா, வேண்டாமா என்ற கேள்வியே எழுகிறது.

இந்தச் செய்திகளையெல்லாம் நாம் ஏன் அடுக்குகிறோம்? நம் பாளையங்கோட்டையில் ஒரு வானொலி நிலையம் இருக்கிறது. அது நம் கதவைத் தட்டும்போது என்ன பெயரைச் சொல்ல வேண்டும் என்பதை, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் டில்லியில் உட்கார்ந்திருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள். அதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 டிசம்பரில் தொடங்கியது. 1938இல் சென்னை, 1939இல் திருச்சி. அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு காத்திருந்து தாமிரபரணிக் கரைக்கு ஒரு நிலையம் வந்தது. மத்திய அலையில் அதன் இடம் 1197 கிலோஹெர்ட்ஸ். அலைநீளத்தைக் கணக்கிட்டால் 250 மீட்டருக்குச் சற்று மேலே வரும். கணக்கில் ஆசையுள்ளவர்களுக்கு ஒரு வேடிக்கை சொல்லுவோம்: திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்க சுலோசன முதலியார் தம் கைப்பணத்தைப் போட்டு 1843இல் முடித்துக் கொடுத்த ஆற்றுப்பாலத்தைவிட அந்த அலை சற்றே நீளம், அவ்வளவுதான்! பாலம் ஒரு கரையை மறு கரையோடு பேசவைத்தது. அலை ஒரு பள்ளத்தாக்கையே தன்னோடு பேசிக்கொள்ள வைத்தது. பாலம் கட்டிக் கொடுத்தவரின் பெயர் அதற்கே நிலைத்துவிட்டது. யாரும் சட்டம் போட்டு அதை மாற்றவில்லை.

நிலையம் காலையில் திறக்கும்போது முதலில் வருவது சொல் அல்ல, இசை. தம்புராவின் சுருதிமேல் வயலின் மெல்ல எழும்பும் அந்த இசையைக் கேட்டு விழித்த தலைமுறைகள் நம்மிடையே உண்டு. அதை அமைத்தவர் வால்டர் காஃப்மன் என்ற யூதர். இன்று செக் நாட்டில் இருக்கும் ஊரில் பிறந்தவர். நாஜிகளின் கொடுமைக்கு ஒதுங்கி 1934இல் பம்பாய் வந்து சேர்ந்தவர். 1936இல் அவர் அமைத்தது அந்த இசை. சிவரஞ்சனி இராகத்தின் சாயல் என்பார்கள் இசை அறிந்தோர். ஐரோப்பாவில் பிறந்தவர் அமைத்ததாயிற்றே என்று தமிழ்நாட்டில் யாரேனும் ஒருவர் முகம் சுளித்ததுண்டா? இல்லை. வேண்டாத வெறுப்பு நம்மிடம் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. இசை முடிந்த பிறகு சொல் வருகிறது. சொல்லுக்கு மொழி உண்டு. அங்கேதான் தகராறும் தொடங்குகிறது.

'அகில இந்திய வானொலி, திருநெல்வேலி' என்று கேட்டுப் பழகியவை நம் காதுகள். டில்லியிலிருந்து வந்த தமிழ்ச் செய்தி மட்டும் 'ஆகாசவாணி' என்று தொடங்கும். சரோஜ் நாராயணசுவாமியின் கம்பீரமான குரலில் அந்தச் சொல்லைக் கேட்காத தமிழர் குறைவு. 2022இல் மறைந்த அந்த அம்மையாரின் குரல் மேல் நமக்கும் மதிப்பு உண்டு. ஆனால் குரல் வேறு, சொல் வேறு. ஒரே பெட்டி, ஒரே முள், ஒரே காலைப் பொழுது. உள்ளூர்க்காரன் பேசினால் 'வானொலி'. டில்லிக்காரன் பேசினால் 'ஆகாசவாணி'. தமிழன் காது அந்த வேறுபாட்டை நன்றாக அறிந்தே வைத்திருந்தது.

அந்தச் சொல்லின் பிறப்பையும் சொல்லிவிடுவோம். அது டில்லியில் பிறந்ததல்ல. மைசூர் மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த எம்.வி. கோபாலசாமி என்பவர், 1935இல் தம் வீட்டிலேயே ஒரு சிறு ஒலிபரப்பு நிலையத்தை வைத்தார். அதற்கு இடப்பட்ட பெயர்தான் ஆகாசவாணி. ஒரு தனிமனிதர் ஆர்வத்தோடு செய்த காரியம், பாராட்டத்தக்கது. கன்னடத்தாருக்கும் தெலுங்கருக்கும் அந்தச் சொல் இயல்பாக வாயில் வருகிறது, வழங்கட்டும், மகிழ்ச்சி. 1957இல் டில்லி அதை எடுத்து இந்தியா முழுமைக்கும் பெயராக்கியது. அப்போது ஒலிபரப்புத் துறை அமைச்சர் பி.வி. கேஸ்கர். சினிமாப் பாட்டு நேயர்களைக் கெடுத்துவிடும் என்று 1952இல் அதை வானொலியிலிருந்து விரட்டியவர் அவர்தான்! விளைவு? நேயர்கள் கெடவில்லை, முள்ளைத்தான் திருப்பினார்கள். கடலுக்கு அப்பால் கொழும்பு அவர்களை அன்போடு வரவேற்றது. திருச்செந்தூரிலும் உவரியிலும் கூடங்குளத்திலும் இலங்கை வானொலி உள்ளூர் வானொலிபோல் ஒலித்தது. ஐந்து ஆண்டுகள் பொறுத்துப் பார்த்துவிட்டு, 1957 அக்டோபரில் விவித பாரதி என்ற பெயரில் சினிமாப் பாட்டை டில்லியே திரும்ப அழைத்துக்கொண்டது. நேயருக்கு எது நல்லது என்பதைத் தலைநகரில் உட்கார்ந்து தீர்மானித்தால் என்ன ஆகும் என்பதற்கு இது பழைய பாடம்.

சரி, 'வான்' என்றால் ஆகாசம். 'ஒலி' என்றால் ஓசை. ஆகாசவாணி என்றாலும் கிட்டத்தட்ட அதே பொருள்தானே, இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பார்கள் சில நண்பர்கள். ஒரே பொருள்தான் என்றால், இருப்பதை ஏன் மாற்ற வேண்டும் என்ற கேள்வியை அவர்களிடமே திருப்பித் தருகிறோம். ஆனால் ஒரே பொருளும் அல்ல. அதுதான் கவனிக்க வேண்டிய இடம்.

புராணங்களில் ஆகாசவாணி என்பது என்ன? அசரீரி. உடலில்லாத குரல். தேரோட்டிப் போகும் கம்சன் தலைக்குமேல் ஒரு குரல் கேட்கிறது: உன் தங்கையின் எட்டாவது பிள்ளை உன்னைக் கொல்லும் என்று. கம்சன் எத்தனை பெரிய அரசன்! ஆனாலும் அவன் 'நீ யார்? எந்த ஊர்? எதை வைத்துச் சொல்கிறாய்?' என்று திருப்பிக் கேட்டதாகக் கதையில் இல்லை. கேட்க முடியாது. அசரீரி சொல்லும், மறைந்துவிடும். அதற்கு முகவரி கிடையாது. மறுமொழி அனுப்ப வழி கிடையாது. சொன்னது பொய் என்றால் யார்மேல் வழக்குத் தொடுப்பது?

வானொலி நிலையம் தன் பெயரைச் சொல்லிக்கொள்வது, தான் அசரீரி அல்ல என்று காட்டத்தான்! 'எனக்கு உடல் உண்டு. பாளையங்கோட்டையில் கட்டடம் உண்டு. இந்த எண்ணில் ஒலிக்கிறேன். கடிதம் எழுதினால் வந்து சேரும். தவறாகச் சொன்னால் வந்து கேட்கலாம்' என்பதே அந்த ஒற்றை வரி அறிவிப்பின் உட்பொருள். ஊர்ப் பெயரும், அந்த ஊரார் பேசும் மொழியில் ஒரு சொல்லும், இரண்டும் சேர்ந்தால்தான் அது விலாசம். வானொலி என்பது வெறும் 'வானில் வரும் ஒலி' என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு நிற்கிற சொல். அதில் தெய்வவாக்கு என்ற மிடுக்கு இல்லை. அறிவியல் கருவிக்கு அறிவியலோடு ஒட்டிய பெயர். அகில இந்திய வானொலி தமிழில் நடத்திய நிகழ்ச்சி இதழுக்கே 'வானொலி' என்றுதான் பெயர். அரசாங்கமே அச்சடித்து, அரசாங்கமே விற்ற பெயர்!

'அகிலம்' மட்டும் என்ன செந்தமிழா என்று குறுக்கே கேட்பவர் இருப்பார். வடசொல்தான், ஐயா, அனைத்திந்திய வானொலி என்றே வைத்திருக்கலாம், யார் வேண்டாமென்றது?

இப்படி ஓடிக்கொண்டிருந்த காரியத்தில்தான் 2023 மே மாதம் ஓர் ஆணை வந்து விழுந்தது. பிரசார் பாரதி நிறுவனம், ஒலிபரப்பிலும் கடிதத் தலைப்பிலும் இனி 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற பெயர் கூடாது, எங்கும் 'ஆகாசவாணி'யே என்று கட்டளையிட்டது. புதிய கொள்கை ஒன்றும் இல்லையாம்; 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருப்பதை இப்போது நடைமுறைப்படுத்துகிறார்களாம். 1990இல் நிறைவேறி 1997இல் நடப்புக்கு வந்த சட்டத்தில் இருந்த ஒரு சொல், கால் நூற்றாண்டு தூங்கிவிட்டுத் திடீரென்று கண் விழித்தது ஏன் என்று யாரும் விளக்கவில்லை. தி.மு.க.வின் நாடாளுமன்றக் குழுத் தலைவர் டி.ஆர். பாலு, அன்றைய ஒலிபரப்புத் துறை அமைச்சர் அனுராக் தாக்கூருக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதினார். பா.ம.க. நிறுவனர் இராமதாசும் கண்டித்தார். ஒன்றோடொன்று மோதுகிற கட்சிகள் இதில் ஒரே குரலில் பேசின என்பதைக் கட்சி வேறுபாடு பாராமல் பதிவு செய்கிறோம்.

நாடு முழுவதற்கும் ஒரே பெயர் இருந்தால்தானே ஒருமைப்பாடு என்று சிலர் நீட்டி முழக்குகிறார்கள். சட்டைப் பையில் இருக்கும் ரூபாய் நோட்டை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் முதுகில் ஒரு கட்டத்துக்குள் பதினைந்து மொழிகளில் அதன் மதிப்பு அச்சாகியிருக்கிறது. தமிழில் 'நூறு ரூபாய்' என்று இருப்பதால் அந்த நோட்டு போபாலில் செல்லாமல் போய்விட்டதா? நோட்டுக்குப் பொறுக்கிறது; வானொலிக்குப் பொறுக்கவில்லையா?

இன்னொன்றையும் பாருங்கள். நம்மைச் சுற்றியிருக்கும் உலகம் தமிழரிடம் எந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறது? சிங்கப்பூரில் அரசுசார்ந்த தமிழ் நிலையத்துக்கு 'ஒலி' என்று பெயர், ஒலி 96.8. மலேசியாவில் அரசின் தமிழ் ஒலிபரப்புக்கு 'மின்னல்'. பி.பி.சி. 1941இல் தமிழில் பேசத் தொடங்கியது. அந்த நிகழ்ச்சி பின்னர் 'தமிழோசை' என்ற அழகிய பெயர் பெற்றது. யாழ்ப்பாணத் தமிழரான சோ. சிவபாதசுந்தரம் சூட்டிய பெயர் அது. 2017இல் அந்தச் சிற்றலை ஒலிபரப்பு நின்றது. பெயர் மட்டும் இன்னும் வாயில் நிற்கிறது. திருநெல்வேலி நிலையம் தோன்றிய அதே 1963இல்தான் பீக்கிங்கும் தமிழில் பேசத் தொடங்கியது. சீனர்கள் 'வானொலி' என்றே தமிழில் சொன்னார்கள். இந்தியாவோடு எல்லையில் போர் நடந்து முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அந்த நேரத்திலும், தமிழரிடம் போனால் தமிழ்ப் பெயரோடு போக வேண்டும் என்ற அறிவு பீக்கிங்குக்கு இருந்தது!

இலங்கையைத் தனியே சொல்ல வேண்டும். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் போட்ட நாடு அது. தமிழருக்கு அந்த நாட்டில் நேர்ந்த கொடுமைகளை வாசகர்கள் அறிவார்கள். அப்படிப்பட்ட நாட்டின் அரசு வானொலிகூடத் தமிழ் நேயரிடம் தன்னைத் தமிழிலேதான் அறிமுகப்படுத்திக்கொண்டது. 1967இல் அது கூட்டுத்தாபனம் ஆயிற்று. 'இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்' — எத்தனை நீளம்! பாதி தமிழ், பாதி வடமொழி. சொன்னால் மூச்சு வாங்கும். ஆனாலும் நம் கடற்கரைச் சிற்றூர்களில் பள்ளிக்கூடம் போகாதவர்கள்கூட அதைத் தங்கு தடையில்லாமல் சொல்லிக் காட்டினார்கள். மயில்வாகனனும் பி.எச். அப்துல் ஹமீதும் உச்சரித்த உச்சரிப்பு அப்படி. பெயரை விரும்ப வைப்பது சட்டப் பிரிவு அல்ல. அதைச் சொல்கிறவரின் நாவும், கேட்கிறவருக்கு அவர் தரும் மரியாதையும் என்பதை அந்த அறிவிப்பாளர்கள் காட்டினார்கள். டில்லிக்கு இதைச் சொன்னால் விளங்குமோ, விளங்காதோ!

பெயர் மாற்றுகிற பித்து வானொலியோடு நிற்கவில்லை. நம் ஆறு பிறக்கும் மலை எது? பொதிகை. தமிழுக்கே பிறப்பிடம் என்று புலவர்கள் கொண்டாடிய மலை. அரசுத் தொலைக்காட்சியின் தமிழ் அலைவரிசை பல ஆண்டுகள் அந்த மலையின் பெயரைத்தான் தாங்கியிருந்தது. 2024 ஜனவரியில் பிரதமர் மோடி சென்னைக்கு வந்து, புதுப்பித்த அலைவரிசையைத் தொடங்கிவைத்தார். அன்றோடு பொதிகை போய் 'டி.டி. தமிழ்' வந்தது. 'தமிழ்' என்ற சொல்லைத்தானே வைத்திருக்கிறார்கள், அதிலும் குறை காண்பீர்களா என்று மடக்குவார்கள். ஆம், காண்போம். மராத்தி அலைவரிசை 'சஹ்யாத்ரி' என்ற பெயரை வைத்துக்கொண்டிருக்கிறது. சஹ்யாத்ரி என்பது மேற்குத் தொடர்ச்சி மலை. ஆந்திரருக்கு 'சப்தகிரி', தெலங்கானாவுக்கு 'யாதகிரி', கன்னடருக்கு 'சந்தனா'. அவரவர் மலையும் அவரவர் மணமும் அவரவரிடம் இருக்க, அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் நிற்கும் பொதிகை மட்டும் யாருக்கு இடைஞ்சலாயிற்று? 'தமிழ்' என்பது மொழியின் பெயர். கடையில் சரக்கு அடுக்கும் தட்டில் ஒட்டுகிற சீட்டு அப்படித்தான் இருக்கும். 'பொதிகை' என்பது இடத்தின் பெயர். இடத்தின் பெயரை எடுத்துவிட்டால், எங்கிருந்து வேண்டுமானாலும் பேசலாம்.

தனியார் நிலையங்களைச் சும்மா விட்டுவிட்டோம் என்று எண்ண வேண்டாம். திருநெல்வேலியில் சூரியன் 93.5இலும் ஹலோ 106.4இலும் ஒலிக்கின்றன. பெயர் சொல்வதில் அவர்களுக்குச் சோம்பல் கிடையாது. பாட்டுக்கு முன், பாட்டுக்குப் பின், விளம்பரத்துக்கு நடுவே என்று நாள் முழுவதும் பெயர்ப் பாட்டு. அது தொழில் நுணுக்கம். எந்த நிலையம் கேட்டாய் என்று கணக்கெடுப்பவர் கேட்டால், நினைவில் நிற்கிற பெயரைத்தான் நேயர் சொல்வார். சொன்ன பெயருக்குத்தான் விளம்பரக் காசு. குறை சொல்லவில்லை. ஆனால் 93.5 என்ற அதே எண் சென்னையிலும் உண்டு, கோவையிலும் உண்டு, மதுரையிலும் உண்டு. 106.4க்கும் அதே கதை. எண் ஒன்று, பெயர் ஒன்று, பாட்டு ஒன்று. பேருந்தில் கண்ணை மூடிக்கொண்டு போகிறவர், கேட்பதை வைத்து ஊர் எது என்று கண்டுபிடிப்பது கடினம். நெல்லைத் தமிழை நடுநடுவே தாளிதமாகப் போடுவது வேறு. நெல்லையிலிருந்து பேசுவது வேறு. செய்தியைச் சொந்தமாகத் திரட்டிச் சொல்லத் தனியார் நிலையங்களுக்கு மத்திய அரசு இடமும் கொடுக்கவில்லை. அரசு வானொலியின் செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். ஆகவே, இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி இந்தப் பள்ளத்தாக்கிலிருந்தே செய்தி சொல்லும் குரல் வானில் வேண்டுமென்றால், அது பாளையங்கோட்டை நிலையத்தின் குரலாகத்தான் இருக்க வேண்டும்.

இது வெறும் மொழிப்பற்றுக் கூச்சல் என்று தள்ளிவிடுகிறவர்கள், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எண்ணிப் பார்க்கட்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செண்டிமீட்டர் மழை. தாமிரபரணி இரு கரையும் புரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் ஒரு நாளுக்கு மேல் வெள்ளத்துக்கு நடுவே தவித்தார்கள். பல ஊர்களில் மின்சாரம் இல்லை. கைப்பேசிக் கோபுரங்கள் செத்துக் கிடந்தன. அப்படிப்பட்ட இரவில் மின்கலம் போட்ட ஒரு டிரான்சிஸ்டர்தான் கைக்கு எட்டும் கருவி. முள்ளைத் திருப்புகிறவருக்கு அப்போது என்ன வேண்டும்? டில்லியில் யார் எந்த மாநாட்டைத் திறந்துவைத்தார் என்பதா? மருதூர் அணைக்கட்டில் எவ்வளவு தண்ணீர் போகிறது, பாபநாசத்தில் எத்தனை மதகு திறந்திருக்கிறது, ஏரல் பாலம் நிற்கிறதா என்பதல்லவா வேண்டும்? 'திருநெல்வேலி வானொலி' என்ற இரண்டு சொல் காதில் விழுந்தால், 'இது நம் ஊர். நம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு பேசுகிறது' என்று தெரியும். அந்தத் தெளிவைத் தருவதற்குத்தான் நிலையத்துக்குப் பெயர் வைப்பது.

உழவரைக் கேட்டுப் பாருங்கள். 1960களில் தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 என்ற நெல் பரவியது. திருச்சி நிலையத்தின் வேளாண் நிகழ்ச்சியில் கேட்டுப் பயிரிட்டதால், உழவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்! எந்தக் குழுவும் கூடவில்லை, எந்த ஆணையும் போகவில்லை. தங்களுக்குப் பயன்பட்ட குரலுக்கு மக்கள் தாமே செய்த மரியாதை அது. நம் பக்கத்தில் காரும் பிசானமும் தாமிரபரணித் தண்ணீரை நம்பி நடக்கின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று தொடங்கித் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. 'அணைக்கட்டு எண் மூன்று' என்று யாராவது சொன்னால் கால்வாய்ப் பாசனக்காரர் சிரிப்பார். தண்ணீர் எந்த வாயிலில் திறக்கிறது என்பது பெயரில் இருக்கிறது. பக்கத்து நாகர்கோவிலில்தான் 1984இல் உள்ளூர் வானொலி என்ற சோதனையே இந்த நாட்டில் முதலில் நடந்தது. ஒரு மாவட்டத்துக்கு அந்த மாவட்டத்தின் குரல் என்ற எண்ணத்தை விதைத்த மத்திய அரசே, இன்று எல்லா மாவட்டத்துக்கும் ஒரே முத்திரையைக் குத்தப் பார்ப்பது முன்னுக்குப் பின் முரண் அல்லவா?

சட்டத்தில் இருக்கிறதே, என்ன செய்வது என்று அதிகாரிகள் கையை விரிக்கக்கூடும். சட்டத்தைப் படித்துத்தான் பேசுகிறோம். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'ஆகாசவாணி' என்பது, அகில இந்திய வானொலியைச் சேர்ந்த அலுவலகங்களையும் நிலையங்களையும் பிறவற்றையும் குறிப்பதற்கான ஒரு பொருள்வரையறை. அந்தச் சட்டத்துக்குள் எந்தச் சொல் எதைக் குறிக்கும் என்பதுதான் அதன் வேலை. பாளையங்கோட்டை அறிவிப்பாளர் காலையில் தமிழ் நேயரிடம் எந்தச் சொல்லை உச்சரிக்க வேண்டும் என்று அந்த வரையறை ஆணையிடவில்லை. அது 2023ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின் வேலை. சுற்றறிக்கையைப் போட்டவர்களே மறு சுற்றறிக்கையும் போடலாம். தமிழ் ஒலிபரப்பில் நிலையத்தின் பெயர், ஊரை முன்னிட்டு, 'திருநெல்வேலி வானொலி', 'திருச்சி வானொலி', 'நாகர்கோவில் வானொலி' என்று வழங்கப்படும் என ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். காசு செலவில்லை; நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை; பெயர்ப் பலகைகூட மாற்ற வேண்டியதில்லை.

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி என்று தாமிரபரணித் தண்ணீர் குடிக்கும் தொகுதிகளிலிருந்து மூன்று உறுப்பினர்கள் மக்களவையில் இருக்கிறார்கள். அவர்கள் ஒலிபரப்புத் துறை அமைச்சரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சுற்றறிக்கை போடுவதற்கு முன் திருநெல்வேலி நிலையத்தின் நேயர்களில் எத்தனை பேரைக் கேட்டீர்கள்? எண்ணிக்கையை எழுத்து மூலமாகத் தரச் சொல்லுங்கள்.